நான் குடுத்த நம்பர்தான்

என் உத்தியோக வாழ்க்கையைப் பற்றி எவரும் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. இதைத் தற்பெருமைக்காக எழுதவில்லை. எதை வைத்துக்கொண்டு நான் இத்தனை காலம் தலைநிமிர்ந்து நடந்தேன் என்பதைப் படிப்பவர் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ரயில்வேயில் அசிஸ்டன்ட் ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்போது, என்னைப் பார்க்க வருபவர்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பதவியில் இருந்தேன். நடுவே சில ஆண்டுகள் பயிற்சிப் பள்ளியில் இளம் மாஸ்டர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைக் கற்பித்தேன். பதிவேட்டில் பொய்யாக ஓர் எழுத்தும் எழுதாதே, எழுதியதை அழிக்காதே என்றுதான் முதல் வகுப்பைத் தொடங்குவேன். என்னிடம் படித்தவர்கள் இன்றும் அதை எனக்கே சொல்லிக் காட்டுகிறார்கள்.

பெங்களூரின் தென்கிழக்கு ஓரத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் என் மகன் வீடு வாங்கினான். முதன்முதலாக என்னை அழைத்துப்போன அன்று பால்கனிக் கதவைத் திறந்து, காற்று எப்படி வருகிறது பாருங்கள் என்றான். நான் கீழே பார்த்தேன். மதிலுக்கு அப்பால், புங்க மரங்களுக்கு நடுவே, ஓடு பாதி சரிந்த ஒரு கூரை தெரிந்தது. அது என்ன கட்டடம் என்று மகனுக்குத் தெரியாது. மீட்டர் கேஜ் பாதையைப் பிராட் கேஜாக மாற்றியபோது, வளைவை நேராக்குவதற்காகத் தண்டவாளத்தை முக்கால் மைல் தள்ளிப் போட்டார்கள். ரயில் அந்தப் பக்கம் போய்விட்டது; நிலையம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த நிலையத்தில் நான் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். மகனிடம், காற்று நன்றாக வருகிறது என்று சொன்னேன்.

அதன் பின் நான்கு ஆண்டுகள் அந்தப் பால்கனியில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை.

சென்ற ஆண்டு, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்னைத் தேடி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எண்பதை நெருங்கும் என்னை முதல் சந்திப்பிலேயே அங்கிள் என்றார். நான் அதைத் திருத்தவில்லை; பதிலுக்கு அவரைச் செயலாளர் என்றே அழைத்துவந்தேன். பழைய நிலையத்தைச் சீர்செய்து நூலகமாக்க அனுமதி கிடைத்திருக்கிறதாம். வாசலில் அதன் வரலாற்றை எழுதிய பலகை ஒன்று வைக்க வேண்டும். ரயில்வேயில் இருந்தவர், வரலாறும் படித்தவர், ஆகவே நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார்.

"அந்த ஸ்டேஷன் உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

"தெரியும்," என்றேன்.

அது உண்மை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த வகை உண்மைகள் இன்னும் சில இதில் வரும்.

அந்த வாரமே ஒரு காலையில் அவருடன் அங்கே போனேன். புல்லுக்கு அடியில் ஜல்லி காலில் தட்டுப்பட்டது. பிளாட்பார விளிம்பின் கருங்கல் வரிசை அப்படியே இருந்தது. இறங்கி அந்தப் பக்கம் போகும்போது, இல்லாத தண்டவாளத்துக்கு முன்னால் நின்று நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். செயலாளர் சிரித்தார். மாஸ்டர் அறையில் கூரை வழியாக வானம் தெரிந்தது. மேஜை இருந்த இடத்துக்கு மேலே, சுவரில், நீள்சதுரமாக ஒரு வெளிறிய தடம். நான்கு மூலைகளிலும் ஆணித் துளைகள். டெலிபோன் பெட்டி அங்கேதான் இருந்தது. அதன் வலப்பக்கம், கைப்பிடியைச் சுற்றும்போது முழங்கை உரசி உரசிச் சுவர் கறுத்திருந்தது. எத்தனையோ மாஸ்டர்களின் முழங்கை. என்னுடையதும்தான்.

"இங்க ஒரு போன் அடிக்கும்னு சொல்றாங்க அங்கிள்," என்றார் செயலாளர், அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு. "அந்தக் காலத்துல கேட்மேன் ஒருத்தன் குடிச்சிட்டுத் தூங்கிட்டானாம். ஸ்டேஷன்ல இருந்து போன் மேல போன் பண்ணியும் எந்திரிக்கவே இல்ல. ரயில் வந்து மாட்டுவண்டிய அடிச்சுத் தூக்கிருச்சு. இப்பவும் சாயங்காலமானா அந்த மணி கேக்குதுங்கறாங்க. வாக்கிங் போற லேடீஸ் இந்தப் பக்கமே வர்றதில்ல."

"அவர் குடிக்க மாட்டார்," என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கேட் பணியில் குடிக்கும் ஆளை வைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். பேய்க் கதை இல்லாமல் ஹெரிடேஜ் எடுபடாது என்று அவர் வாதாடினார். கடைசியில் குடியை எடுத்துவிட்டு, தூக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்களில் அந்த இடம் இப்படி இருந்தது: "கேட்மேன் பணியில் தூங்கிவிட்டதாக விசாரணையில் முடிவு செய்யப்பட்டது." எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய வாக்கியம். அதை எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

எது நடந்தது என்று சொல்வதற்கு முன், அந்தக் காலத்தில் கேட் எப்படிப் பூட்டப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கேட் நிலையத்திலிருந்து ஒரு மைல் தள்ளி, வளைவுக்கு அப்பால் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. ரயில் வருவதற்கு முன் மாஸ்டர் கைப்பிடியைச் சுற்றி கேட்டுக்குப் போன் செய்ய வேண்டும். கேட்மேன் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து, தன்னிடமுள்ள அச்சடித்த தாளில் அடுத்து வரும் எண்ணைச் சொல்லி, அதைத் தாளில் கோடு போட்டு அடித்துவிடுவார். இரண்டு இலக்க எண். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். அந்தத் தாள் அவரிடம் மட்டும்தான் இருக்கும். அடுத்த எண் எது என்று மாஸ்டருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே மாஸ்டரின் பதிவேட்டில் அந்த எண் இருந்தால், கேட் பூட்டப்பட்டது என்று கேட்மேனே சொல்லிவிட்டார் என்று பொருள். அதை எழுதிய பிறகுதான் ரயிலுக்கு சிக்னல் கொடுக்க வேண்டும்.

இன்று கூரியர்காரரிடம் நாம் ஓ.டி.பி. சொல்வதும் ஏறக்குறைய அதுதான். பெட்டியை என் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் எண்ணைச் சொல்ல மாட்டேன். "மாமா நம்பர் சொல்றதுக்குள்ள டெலிவரிக்காரர் ரிடையர் ஆயிடுவாரு" என்று என் மருமகள் கேலி செய்வாள். அவளுக்குக் காரணம் தெரியாது.

கேட்மேன் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர். பூர்வீகம் வட ஆற்காடு. அப்பாவும் அண்ணனும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். இருட்டுக்குள் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு இவர் ரயில் வேலைக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை நீ என்று அழைத்தேன். அவர் என்னை மாஸ்டர் என்றார். மனைவியுடனும் இரண்டு குழந்தைகளுடனும் கேட்டை ஒட்டிய அறையில் குடியிருந்தார். அந்த வீட்டு வாசலில் பல முறை நின்றிருக்கிறேன், ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அதன் காரணம் அப்போது எனக்கு இயல்பாக இருந்தது. இப்போது எழுதக் கூசுகிறது.

டெலிபோன் கம்பி யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே போயிற்று. காற்று அடித்தால் இணைப்பு போய்விடும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலிக்கும். விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் வாங்க அவர் தினமும் காலையில் நிலையத்துக்கு வருவார். அப்படி வந்த ஒரு நாள் ஒரு சீட்டை என் மேஜையில் வைத்தார். அதில் மூன்று எண்கள்.

"மூணு பாசஞ்சருக்கும் டைமுக்குப் பூட்டிடுவேன் மாஸ்டர். போன் கெடைக்கலன்னா நீங்க கை ஒடிய சுத்தினு இருக்க வேணாம். கூட்ஸு வந்தா மட்டும் அடிங்க."

விதிப்படி அது இருவருக்குமே குற்றம். அது இருவருக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. அந்த ஏற்பாடு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. காலையிலேயே அவர் அந்த மூன்று எண்களையும் தன் தாளில் அடித்துவிடுவார். நான் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரயில் நேரத்தில் எடுத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன்.

பலகைக்கான வாசகம் சங்கத்தின் வாட்சப் குழுவில் போன சில நாட்களில் ஒரு பெண்மணி என்னைப் பார்க்க வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஷிப்டு முடிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நேராக வந்திருந்தார். வீடு நீலசந்திராவில். செயலாளர்தான் அனுப்பினாராம். அந்த கேட்மேன் தன் அப்பா என்றார். நான் உட்காரச் சொன்னேன், நானும் உட்கார்ந்தேன்.

"எங்கண்ணன் பையன் செல்லுல அந்த ஸ்டேஷன் பேய்க் கதைன்னு ஒரு வீடியோ காட்டுனான் சார். எங்கப்பாவ குடிகாரன்னு சொல்றாங்க அதுல. அவரு டீயே ரெண்டு வேளைக்கு மேல குடிக்கமாட்டாரு."

பலகையில் அது இல்லை, எடுத்தாகிவிட்டது என்றேன்.

"தூங்கிட்டாருன்னு இருக்குதாமே. அந்த ஒரு வார்த்தையும் எடுத்துடுங்க சார்."

அது விசாரணையின் முடிவு என்றேன். அவர் மறுத்துப் பேசுவார், அப்பா தூங்கவில்லை என்று வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. அவர் சொன்னது வேறு.

"தூங்கினாரு சார். இல்லன்னு சொல்லல. அதுக்குக் காரணமே நான்தான். அப்ப எனக்கு நாலு வயசு. மொத நாளு நல்ல ஜுரம். விடியற வரைக்கும் அப்பா என்னைத் தோள்ல போட்டுக்கினு தண்டவாளத்து மேல நடந்தாராம். அதான் பகல்ல கண்ணசந்துட்டாருன்னு அம்மா சொல்லும். இன்னிக்கும் வீட்ல எதனா சண்டைன்னா எங்கண்ணன் சொல்லுவான், உன் ஜுரத்தாலதான் நாம தெருவுக்கு வந்தோம்னு. வெளையாட்டுக்குத்தான் சொல்லுவான்." புடவைத் தலைப்பை ஒரு முறை சரிசெய்துகொண்டார். "போர்டுல போட்டா என் பேத்தி படிப்பா சார். அதான்."

அவரே தொடர்ந்தார்.

"அப்ப இருந்த மாஸ்டரு ரொம்ப நல்ல மனுஷன்னு அப்பா சொல்லுவாரு. படிச்சவராம். அவரு எங்க இருக்காருன்னு தெரிஞ்சா அவரையே போய்க் கேட்டிருப்பேன். உங்களுக்குச் சும்மா தொந்தரவு குடுத்திருக்க மாட்டேன்."

"அந்த வார்த்தையை எடுத்துவிடுகிறேன் அம்மா," என்றேன்.

அவர் எழுந்து கைகூப்பினார். லிப்ட் வரை போய் வழியனுப்பினேன். அவருக்கு நான் யார் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்பதும் உண்மைதான்.

இனி அந்த நாள்.

மதியத்துக்கு மேல் நாலு மணி இருக்கும். ஐந்து மணி பாசஞ்சருக்கு இன்னும் நேரம் இருந்தது. அடுத்த நிலையத்திலிருந்து, அட்டவணையில் இல்லாத ஒரு கூட்ஸ் வண்டிக்கு வழி கேட்டார்கள். நான் இலாகாத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் பதிவேட்டின் மேல் திறந்து கிடந்தது. வழி கொடுத்தேன். புத்தகத்தை நகர்த்தினேன். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, அதிலிருந்த கடைசி எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன். அது ஐந்து மணி பாசஞ்சருக்கான எண். வருடம் முழுவதும் செய்துவந்ததைக் கை தானாகச் செய்தது. சிக்னல் கொடுத்தேன். மறுபடியும் புத்தகத்தை இழுத்துக்கொண்டேன்.

கைப்பிடியை நான் சுற்றவில்லை. அன்று காற்றும் இல்லை. சுற்றியிருந்தால் மணி அடித்திருக்கும்.

வண்டி நிலையத்தைக் கடந்து போயிற்று. வளைவுக்கு அப்பால் நீளமாக ஒரு விசில் கேட்டது. அப்போதுதான் என் கை கைப்பிடிக்குப் போனது. அதைச் சுற்றுவதற்குள் விசில் நின்றுவிட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். மாட்டுவண்டியை ஓட்டிவந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார். பக்கத்து ஊர்க்காரர். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் போகவில்லை.

விசாரணை நிலையத்திலேயே நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். என் பதிவேடும் அவருடைய தாளும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் ஒரே எண்.

அவரிடம், இது யார் கொடுத்த எண் என்று கேட்டார்கள்.

"நான் குடுத்த நம்பர்தான்," என்றார்.

மணி அடித்ததா என்று கேட்டார்கள். தனக்குக் கேட்கவில்லை என்றார். என்னிடம், இந்த எண் கேட்மேனிடமிருந்து வந்ததுதானா என்று கேட்டார்கள். ஆம் சார் என்றேன். எப்போது வந்தது, எப்படி வந்தது என்று எவரும் கேட்கவில்லை. எண் அவருடையது, ஆகவே மணி அடித்திருக்கிறது, ஆகவே தூக்கக் கலக்கத்தில் எண்ணைச் சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டாமலே மறுபடியும் கண்ணயர்ந்திருக்கிறார். இப்படி முடிவு செய்தார்கள். அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

அறையிலிருந்து வெளியே போகும்போது அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார். அந்தச் சீட்டைப் பற்றி அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று பல காலம் யோசித்திருக்கிறேன். தன் குற்றமும் வெளிவரும் என்று பயந்திருக்கலாம். ஆனால் அந்தப் பார்வையில் பயம் இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. சட்டையைச் சலவைக்குப் போட்டேன். கஞ்சி போட்டு மடித்து வந்த சட்டையின் பைக்குள் பஞ்சு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சாட்சியத்தை நான் அழிக்கவில்லை என்று பிற்காலத்தில் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

இத்துடன் முடிந்திருந்தால், இளமையின் கோழைத்தனம் என்று இதை ஒருவர் மன்னிக்கக்கூடும். முடியவில்லை. எனக்கு மாற்றலாகி, ஒக்கலிபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, கல்யாணமும் ஆகியிருந்தது. ஒரு காலைப்பொழுதில் அவர் வாசலில் வந்து நின்றார். வேலை போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார். இளைத்திருந்தார். உதவி கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். அன்னிக்கி நீங்க போன் அடிச்சீங்களா?"

நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"முழிச்சினுதான் இருந்தேன்னு மொதல்ல நெனச்சேன். எல்லாரும் நீ தூங்கிட்டே, நீ தூங்கிட்டேன்னு சொல்றாங்க. எம் பொண்டாட்டியும் சொல்றா. இப்ப எனக்கே புரியல. சில நாளு மணி அடிச்சா மாதிரி கேக்குது. நான் எந்திரிக்காம கெடக்குறேன். அடிச்சீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க. நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லமாட்டேன்."

உள்ளே என் மனைவி யாரென்று கேட்டாள். மறுமாதம் எனக்குப் பதவி உயர்வு வர இருந்தது.

"விசாரணை முடிந்துவிட்டது," என்றேன். "அதைக் கிளறாதே."

அவர் தலையாட்டினார். சரி மாஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் என்று சுட்டிக்காட்ட அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு மனிதர் தன் நினைவை என்னிடம் திரும்பக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

செயலாளர் அந்த வார்த்தையை எடுக்க உடனே சம்மதித்தார். "தூக்கத்தைத் தூக்கிட்டேன் அங்கிள்" என்று செய்தி அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்மணி போன் செய்தார். அம்மாவிடம் சொன்னேன், அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னது என்றார். அவருடைய அம்மா இன்னும் இருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வார்த்தை போனதும் எனக்கு அமைதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் குடியிருப்பில் யாராவது வந்தால், வாசலிலிருந்து செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிடுவார். எடுத்தால் முதல் வார்த்தை, "கேட்லருந்து பேசறேன் சார்." நான்கு ஆண்டுகளாக அதைக் கேட்டுவந்திருக்கிறேன். இப்போது அந்த மணி அடிக்கும்போதெல்லாம் மறுமுனையில் ஒருவர் எண்ணைச் சொல்லக் காத்திருப்பது போலத் தோன்றியது. பழைய நிலையத்தில் மணி கேட்கிறது என்று பயப்படுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த மணி அடிக்கவே இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்; எனக்குக் கேட்பது அடிக்காத அந்த மணி.

ஒரு சனிக்கிழமை ஆட்டோ பிடித்து நீலசந்திராவுக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. குறுகிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே வீடு. முன்னறையில் புத்தர் படம். அதன் கீழே கட்டிலில் ஒரு மூதாட்டி. அந்தப் பெண்மணி என்னைக் கண்டு திகைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரும் முன்னரே மூதாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மாஸ்டரு இல்ல இது?" என்றார். "இன்னா மாஸ்டரு, முடியெல்லாம் போயிடுச்சி."

மகள் என்னைப் பார்த்தார். மெதுவாக அவர் முகத்திலிருந்து மரியாதை விலகியதைக் கண்டேன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் காது கேட்காது, கிட்டப் போய் உரக்கச் சொன்னால்தான் கேட்கும் என்று மட்டும் சொன்னார். ஆகவே அந்த அறையிலேயே, அந்த மூதாட்டியின் எதிரிலேயே, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, கூட்ஸ் வண்டி, புத்தகம், சுற்றாத கைப்பிடி, ஒக்கலிபுரத்து வாசல். மூதாட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, என் ஜுரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லியா?" என்றார் மகள்.

"இல்லை."

"அப்பா உங்க வீட்டுக்கு வந்து கேட்டாரு."

"கேட்டார்."

தெருவில் குழாயடிச் சண்டை கேட்டது.

"சாகற வரைக்கும் தூக்கத்துல திடுக்குனு எந்திரிச்சு ஒக்காருவாரு சார்," என்றார். "மணி அடிக்குது, மணி அடிக்குதும்பாரு. எங்கேயும் அடிக்கல, படுன்னு அம்மா சொல்லும். அம்மா சொன்னது சரிதான், இல்ல?"

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அது உங்களோட இருக்கட்டும். அம்மாவுக்கு நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க. இங்க வேணாம். எங்கப்பாவத் தூங்குமூஞ்சின்னு ஊரே சொல்லிச்சு. அந்த ஸ்டேஷன் தெறக்கற அன்னிக்கி, எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க. நான் கூட்டிட்டு வரேன்."

வீடு திரும்பி மகனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, பயந்தான். "இப்ப போய் இதைச் சொல்லி யாருக்கு என்னப்பா லாபம்? இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தின பேரு," என்றான். அந்தப் பெயரை எதைக் கொண்டு கட்டினேன் என்று அவனுக்கு மறுபடியும் விளக்கத் தெம்பில்லை. செயலாளரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மைக் கிடைத்திருக்காது.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூரைக்குப் புது ஓடு, சுவருக்குச் சுண்ணாம்பு. டெலிபோன் தடத்தின் மேல் புத்தக அலமாரி வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் அறுபது நாற்காலி இருக்கும். என்னிடம் பயிற்சி பெற்றவர்கள் மூன்று பேர், நான் பேசப்போகிறேன் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். முதல் வரிசையில், மகளுக்குப் பக்கத்தில், வெள்ளைப் புடவையில் மூதாட்டி. செயலாளர் என்னை இந்த நிலையத்தின் வரலாற்றாசிரியர் என்று அறிமுகப்படுத்தி மைக்கைக் கொடுத்தார்.

இந்த நிலையத்தில் நான் பணிபுரிந்தேன் என்று தொடங்கினேன். விபத்து நடந்த நாளில் கேட்டுக்குத் தகவல் தர வேண்டிய கடமையில் நான் தவறினேன் என்றும், அதை விசாரணையில் மறைத்தேன் என்றும், அதன் விளைவாக ஓர் உயிர் போயிற்று, ஒரு குடும்பம் நிலைகுலைந்தது என்றும் சொன்னேன். எழுதி வைத்து, பலமுறை திருத்திய வாக்கியங்கள். என் மாணவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். செயலாளர் மைக்கை வாங்கிக்கொள்ள ஓர் அடி முன்னால் வந்து, பின் நின்றுவிட்டார். என் மகன் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் மூதாட்டி மகள் பக்கம் திரும்பினார். காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில் கேட்டார்.

"இன்னாடி சொல்றாரு மாஸ்டரு? ஒண்ணும் கேக்கல."

மகள் அவர் காதருகே குனியவில்லை. என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் மைக்கை மேஜையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அந்த நாற்காலியின் முன்னால் போய்க் குனிந்து, தாளில் எழுதியிராத வார்த்தைகளில், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் தூங்கலம்மா. நான்தான் போன் அடிக்கல."